இல்லத் திரையும் இரசிகர் கடமையும்

திரைப்படம் பார்ப்பவரைப் பழிப்பது தமிழ் மேடைகளில் நெடுங்காலமாக வேரூன்றிவிட்ட வழக்கம். தமிழ் விழா ஒன்று நடந்தால், பேச வருவோருள் ஒருவரேனும் திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் சாடாமல் அமர்வதில்லை. மாணவர் நூல்களைப் படிப்பதில்லையா? திரைப்படமே காரணம். இளைஞர் பிழைபடப் பேசுகின்றனரா? தொலைக்காட்சியே காரணம். கவிதைத் தொகுதி விலைபோகவில்லையா? அதற்கும் இவ்விரண்டுமே காரணம். இவ்வாறு முழங்கிய சொற்பொழிவாளர் வீடு திரும்பியதும் செய்யும் முதல் வேலை, தொலைக்காட்சியை முடுக்கிவிட்டு அதன் முன்னே அமர்வதுதான். மேடையில் ஒரு முகம். வீட்டுக் கூடத்தில் மற்றொரு முகம். இந்த இரட்டை வாழ்க்கையால் தமிழுக்கும் பயனில்லை. திரைப்படக் கலைக்கும் பயனில்லை.

வீட்டில் அமர்ந்து படம் பார்ப்பது குற்றமன்று. பார்த்த படத்தைப் பற்றி நான்கு வாக்கியங்கள் தெளிவாகச் சொல்லத் தெரியாதிருப்பதே குறை. அக்குறையை இரசிகரின் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. கவிதையைச் சுவைக்கக் கற்பித்த தமிழ் வகுப்பறை, காட்சியைச் சுவைக்கக் கற்பிக்கவில்லை. கற்பிக்காத பாடத்தில் மாணவர் தேறவில்லை என்று சினப்பது எவ்வகை நீதி?

இக்கருத்தை ஆராய்வதற்குப் பினாங்கின் தலைநகராகிய ஜோர்ஜ்டவுனே தக்க இடம். படக்கொட்டகையில் தொடங்கிக் கைப்பேசித் திரை வரையில் எல்லாப் படிகளையும் கடந்துவந்த தமிழ் இரசிகர் கூட்டம் அங்கே உண்டு. அதனினும் முக்கியமாக, மலாய்த் திரைப்படத்தின் தலைமகனையும் அவரைக் கதாநாயகராக்கிய தமிழரையும் வளர்த்த மண் அது. அத்தகைய ஊரின் இரசிகரே வாய் திறவாதிருப்பாரானால், பிற ஊர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

கொட்டகையிலிருந்து கூடத்திற்கு

பினாங்கு சாலையில் இருந்த ஓடியன் போன்ற கொட்டகைகளில் தமிழ்ப்படம் பார்த்த தலைமுறைக்குப் படம் முடிந்ததும் இரவு முடிந்துவிடவில்லை. மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே பேசியவாறு நடந்தனர். நாசி கண்டார் கடையின் பலகையில் அமர்ந்து, தே தாரேக் ஆறும்வரை வழக்காடினர். எம்.ஜி.ஆர். கட்சி ஒருபுறம், சிவாஜி கட்சி மறுபுறம். அவ்வழக்கில் மிகையும் உண்டு, வசையும் உண்டு. ஆயினும், தாம் விரும்பிய நடிப்பு ஏன் சிறந்தது என்பதற்குக் காரணம் காட்டினால் அன்றி அங்கே எவரும் வெல்ல முடியாது. அது கல்லூரி காணாதவர் நடத்திய திறனாய்வு மன்றம்.

1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இந்நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. 1969இல் இரண்டாம் அலைவரிசையும், 1978இல் வண்ண ஒளிபரப்பும், 1984இல் தனியார் அலைவரிசையாகிய டிவி3உம் வந்தன. தொடக்கக் காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடு தெருவுக்கு ஒன்றோ இரண்டோதான். தமிழ்ப்படம் ஒளிபரப்பாகும் நாளில் அவ்வீட்டின் கூடமும் வாயிலும் அண்டை அயலாரால் நிறைந்தன. ஆகவே அப்போதும் கூட்டம் குலையவில்லை, வழக்கும் ஓயவில்லை. 1980களில் வீடியோ நாடா வந்தது. பழந்தமிழர் கடைத்தெரு என்றழைத்த மார்க்கெட் தெருவிலும் அதனை அடுத்த பினாங்கு தெருவிலும் நாடாவும், பின்னர் குறுவட்டும் விற்பனைப் பொருளாயின. 1996இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் ஒளிபரப்பு வந்தபின், தமிழுக்கென ஓர் அலைவரிசையே வீட்டுக்குள் குடியேறிற்று. 2016இல் நெட்பிளிக்ஸ் இந்நாட்டை எட்டியது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தபோது கொட்டகைகள் மூடப்பட்டன. இரசிகர் அனைவரும் வீட்டு இரசிகர் ஆயினர். ‘சூரரைப் போற்று’ 2020இலும், ‘ஜெய் பீம்’ 2021இலும் கொட்டகைக்குச் செல்லாமல் நேரே இல்லங்களுக்கு வந்தன. ‘மண்டேலா’ 2021இல் தொலைக்காட்சியிலேயே முதன்முதலாகக் காட்டப்பட்டது.

இம்மாற்றத்தை வெறும் இழப்பாகக் கருதுவது நேர்மையன்று. கொட்டகைக்குப் போக இயலாத மூதாட்டியும், நோயுற்றோரும், கைக்குழந்தையை விட்டு நகர முடியாத தாயும் இன்று படம் பார்க்கின்றனர். கொட்டகையில் ஒரு காட்சியை ஒருமுறைதான் காணலாம். தவறவிட்ட வசனம் தவறியதே. வீட்டு இரசிகரோ படத்தை நிறுத்தலாம், பின்னோக்கிச் செலுத்தலாம், ஒரே காட்சியைப் பத்துமுறை பார்க்கலாம். ஏட்டுச் சுவடியைப் புரட்டிப் புரட்டி ஆய்ந்த உரையாசிரியர்க்கு இருந்த வாய்ப்பு, வரலாற்றில் முதன்முறையாகத் திரைப்பட இரசிகர்க்கும் கிடைத்துள்ளது.

கிடைத்த வாய்ப்பு எவ்வாறு பயன்படுகிறது? பின்னோக்கிச் சென்று சிந்திப்போர் சிலர். முன்னோக்கித் தாவி முடிவைத் தேடுவோர் பலர். ஒரு கண் படத்திலும் மறுகண் கைப்பேசியிலுமாக ஒரு படம் நான்கு நாட்களில் துண்டு துண்டாக விழுங்கப்படுகிறது. விழுங்கியதும் அடுத்த படம் தானே ஓடத் தொடங்கிவிடுகிறது. வழக்காட நண்பர் இல்லை. ஆறும்வரை காத்திருக்கத் தேநீரும் இல்லை. படம் வீட்டுக்கு வந்தது. ஆனால் படத்தைப் பற்றிய பேச்சு வீட்டுக்கு வரவில்லை. வீட்டுத் திரையால் விளைந்த உண்மையான இழப்பு இதுவே.

எட்டு மெய்ப்பாடும் மூன்று சொல்லும்

இன்றைய இரசிகரிடம் ஒரு படத்தைப் பற்றிக் கேட்டால், ‘நன்றாக இருந்தது’, ‘பரவாயில்லை’, ‘அறுவை’ என்னும் மூன்று விடைகளுள் ஒன்று கிடைக்கும். மேலும் கேட்டால் நடிகரின் பெயர் கிடைக்கும். அதற்கப்பால் கதவு அடைத்துவிடும்.

இவ்வறுமை தமிழின் வறுமையன்று. காண்போர் உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை வகுத்துக் காட்டுவதற்கென்றே தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயல் உண்டு. நகையும் அழுகையும் உள்ளிட்ட எட்டு மெய்ப்பாடுகளைக் கூறியதோடு அந்நூல் அமையவில்லை. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறக்கும் என முப்பத்திரண்டாகவும் விரித்துரைத்தது. இதனை மாணவர் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறக்கின்றனர். அன்றிரவு பார்க்கும் படத்தோடு அதற்குத் தொடர்புண்டு என்று அவர்க்கு யாரும் சொல்வதில்லை.

தொடர்பு உண்டு என்பதற்கு ஒரு சான்று போதும். பிறரை எள்ளுவதால் பிறக்கும் நகை வேறு. ஒருவரது பேதைமையால் பிறக்கும் நகை வேறு எனத் தொல்காப்பியம் பிரிக்கிறது. தமிழ்ப்படங்களின் நகைச்சுவைக் காட்சிகளுள் எத்தனை, ஒருவரது கறுத்த நிறத்தையும் பருத்த உடலையும் எள்ளிச் சிரிக்க வைத்தவை! பி. ரம்லி இயக்கி நடித்து 1957இல் வெளிவந்த ‘பூஜாங் லாப்போக்’ என்னும் மலாய்ப்படத்திலோ, மணமாகாத மூவர் தம் பேதைமையாலேயே இடர்ப்படுகின்றனர். காண்போர் அவர்களோடு சேர்ந்தே சிரிக்கின்றனர். இரண்டும் சிரிப்பே, ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைக் கண்டு சொல்லும் மாணவர், கருநிறத் தோழரைப் பள்ளித் திடலில் எள்ளுமுன் ஒரு கணம் தயங்குவார். இலக்கணம் வாழ்க்கைக்கு உதவுவது இவ்வாறுதான்.

தொடர்நாடகங்களையும் இவ்வாறே அளந்து பார்க்கலாம். அழுகைக்கு வறுமையும் ஒரு நிலைக்களன். பிறரால் இழிவுபடுத்தப்படுவதும் ஒரு நிலைக்களன். நாள்தோறும் மாலையில் கூடங்களை நனைக்கும் கண்ணீரில் பெரும்பங்கு, மாமியார் மருமகளையும் மருமகள் மாமியாரையும் இழிவுபடுத்துவதால் சிந்தப்படுவது. சம்பளம் போதாத வீட்டின் கண்ணீர் அத்தொடர்களின் பளிங்குக் கூடங்களில் அரிதாகவே விழுகிறது. ஏன் என்று கேட்கத் தெரிந்த இரசிகர், அழுதாலும் ஏமாறமாட்டார்.

திரைப்படத் திறனாய்வு தமிழ் எழுத்தாளர்க்குத் தகாத வேலை என்று கருதுவோர், கல்கியை நினைத்துப் பார்க்க வேண்டும். ‘ஆனந்த விகடன்’ ஏட்டில் ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் அவர் கலைகளைப் பற்றிக் கூர்மையாக விமரிசனம் எழுதினார். ‘தியாகபூமி’ என்னும் அவர் படைப்பு 1939இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. எழுத்தின் மதிப்பு அதனால் குன்றிவிடவில்லை. இரசிகரின் மதிப்புத்தான் உயர்ந்தது.

கண்முன் இருந்தும் காணாதவை

ஜோர்ஜ்டவுனில் பி. ரம்லியின் பெயரால் ஒரு சாலை உண்டு. 1929 மார்ச் 22ஆம் நாள் அவர் பிறந்த இல்லம் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. அச்சாலை வழியாக நாள்தோறும் செல்லும் தமிழர் பலர். அவர்களுள், பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகராக நடிக்க வைத்த இயக்குநர் யார் என்று அறிந்தவர் எத்தனை பேர்? சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணனே அவர். 1950இல் வெளிவந்த ‘பக்தி’ என்பதே அப்படம். அதற்கு முன் 1948இல் ‘சிந்தா’ என்னும் படத்தில் பி. ரம்லியைத் திரைக்குக் கொணர்ந்தவர் இந்தியாவிலிருந்து வந்த பி.எஸ். ராஜ்ஹான்ஸ். 1957இல் ‘பொந்தியானாக்’ பேய்ப்படத்தை இயக்கியவர் பி.என். ராவ். மலாய்த் திரைப்படத்தின் இளமைக்காலத்தில் இந்தியர் கைவண்ணம் இவ்வாறு பரந்து கிடக்கிறது. சென்னை நடிகர் ஒருவரின் பிறந்தநாளைத் தவறாமல் சொல்லும் பினாங்கு இளைஞர்க்கு, தம் ஊரில் வளர்ந்த கிருஷ்ணனின் பெயர் தெரியாது. பி. ரம்லியின் படம் தொலைக்காட்சியில் வந்தால், ‘அது அவர்கள் படம்’ என்று அலைவரிசையை மாற்றிவிடுகின்றனர். தம் ஊரவர் ஒருவரின் உழைப்பையே அயலாருடையது எனத் தள்ளுகிறோம் என்பதை அவர்கள் அறிவதில்லை.

உள்நாட்டுத் தமிழ்ப்படங்களின் நிலையும் இரங்கத்தக்கதே. 1991இல் ‘நான் ஒரு மலேசியன்’ வந்தது. 2005இல் தீபக் குமாரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’ வந்தது; இரப்பர்த் தோட்டத்தில் பிறந்து பல்கலைக்கழகத்தைக் கனவு காணும் ஒரு பெண்ணின் கதை அது. 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ வந்தது. தீமை எனப் பொருள்படும் மலாய்ச் சொல் மலேசியத் தமிழர் நாவில் திரிந்த வடிவமே அத்தலைப்பு. தோட்டத்தை இழந்து புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த ஒரு குடும்பத்தில், அப்போய் என்னும் சிறுவன் குண்டர் கும்பலின் நிழலுக்கு இழுபடுவதை அப்படம் காட்டுகிறது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் அப்படம் முதலில் தேசிய மொழி அல்லாத படங்களுக்கென ஒதுக்கிய பிரிவிலேயே வைக்கப்பட்டது. கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர், அவ்வேலி அகற்றப்பட்டது, சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதை ‘ஜகாட்’ வென்றது. தமிழில் எடுத்த படம் நாட்டின் சிறந்த படம் என்று ஏற்கப்பட்ட அந்நாள், தமிழ் வகுப்பறைகளில் ஒரு பாடமாகியிருக்க வேண்டாவா?

‘ஜகாட்’ வெளிவந்த சில மாதங்களில், 2016 ஜூலையில், இதே நாட்டுத் தமிழரையும் குண்டர் கும்பலையும் களமாகக் கொண்டு பா. ரஞ்சித் இயக்கிய ‘கபாலி’ வந்தது. தமிழ்நாட்டு இரசிகர் கண்ட படத்தின் முடிவு ஐயப்பாட்டில் நின்றது. மலேசியத் திரையரங்குகளில் காட்டப்பட்ட படத்திலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக ஒரு வாசகம் சேர்க்கப்பட்டிருந்தது. ஒரே படத்துக்கு இரண்டு முடிவுகள்! ஏன் இரண்டு? எது கதைக்குப் பொருந்துகிறது? ஒரு மாநகர் நாயகனின் கோட்டும் சூட்டும் சொல்லும் வரலாற்றுக்கும், அப்போயின் கிழிந்த பள்ளிப் பருவம் சொல்லும் வரலாற்றுக்கும் என்ன வேறுபாடு? வீட்டு இரசிகர் இருபடங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்து இவ்வினாக்களை எழுப்ப முடியும். எழுப்பியவர் மிகச் சிலரே. சென்னைப் படத்துக்கு ஆரவாரம் கிடைத்தது. உள்நாட்டுப் படத்துக்கு, விருது கிடைத்த பின்னரும், பெரும்பாலான கூடங்களில் மௌனமே கிடைத்தது. உள்நாட்டுத் தமிழ்ப்படத்தின் முதற்பகை அயல்நாட்டுப் படமன்று. பார்த்த சிலரும் அதைப் பற்றிப் பேசாத மௌனமே அதன் முதற்பகை.

மறுப்பும் விடையும்

நாள் முழுதும் துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துக் களைத்தவர்க்குப் பொழுதுபோக்கே போதும். அவரிடம் திறனாய்வு கேட்பது கொடுமை என்பர் சிலர். இக்கூற்று இரக்கம்போல் தோன்றினும் உண்மையில் இகழ்ச்சியே. நாசி கண்டார் கடையில் வழக்காடியவர் அனைவரும் களைத்த உழைப்பாளிகளே. களைப்பு அவர்தம் நாவைக் கட்டிப்போடவில்லை. உழைப்பவர்க்குச் சிந்தனை வேண்டா என்று முடிவு செய்வோர், அவர்க்கு மட்டமான சரக்கைத் தள்ளிவிட வழிதேடுவோரே ஆவர்.

திரைப்படத்தின் மொழி கொச்சை. அதனை வகுப்பறையில் நுழைத்தால் செந்தமிழ் மாசுபடும் என்பர் வேறு சிலர். நாவலிலும் நாடகத்திலும் பேச்சுமொழி வருகிறது. அவற்றைப் பாடமாக வைத்ததால் தமிழ் அழிந்துவிடவில்லை. கொச்சையை எழுதச் சொல்வது வேறு. கொச்சை எங்கே, ஏன் வந்தது என்று செந்தமிழில் எழுதச் சொல்வது வேறு. பின்னது மொழிப்பயிற்சியுள் தலையாயது. இந்நாட்டு மாணவர்க்கு மற்றொரு பேறும் உண்டு. தமிழ்ப்படம் ஓடுகையில் திரையின் அடியில் மலாய் மொழிபெயர்ப்பு ஓடுகிறது. இருமொழியும் அறிந்த மாணவர், அத்தை, சித்தி, மாமி ஆகிய மூன்று உறவும் கீழ்வரியில் ஒரே சொல்லாகச் சுருங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார். தமிழின் உறவுச்சொல் வளத்தை அவர் அன்று உணர்வதுபோல் வேறு எந்நாளும் உணரமாட்டார்.

தேர்வுச் சுமையால் நேரமில்லை என்பது மூன்றாவது மறுப்பு. மாணவர் படம் பார்ப்பதற்கு ஆசிரியர் நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. அந்நேரத்தை மாணவரே ஒதுக்கிக்கொண்டு விட்டனர். ஆசிரியர் ஒதுக்க வேண்டியது, பார்த்ததைப் பேசுவதற்குத் திங்களுக்கு ஒரு பாடவேளை மட்டுமே. கட்டுரைக்குக் கருத்தில்லை எனப் பேனாவைக் கடிக்கும் மாணவர், தாம் முந்தைய இரவு பார்த்த படத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எழுதாமல் இருப்பரோ?

செய்யத்தக்கது

பழிப்பதோடு நின்றுவிடும் எழுத்தும் மேடை முழக்கத்தோடு ஒப்பதே. ஆகவே செய்யத்தக்கது ஒன்றைக் கூறுதல் கடமை. ஒவ்வோர் இரசிகரும், சிறப்பாக ஒவ்வொரு மாணவரும், ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளல் வேண்டும். பார்த்த படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர் ஆகியவற்றை எழுதியபின், ஐந்து வினாக்களுக்கு விடை எழுதினால் போதும். கதை யாருடைய கண்வழியே சொல்லப்படுகிறது? சிரிப்பும் அழுகையும் எந்த நிலைக்களனிலிருந்து பிறக்கின்றன? பாத்திரங்கள் எந்த வட்டாரத் தமிழ் பேசுகின்றன? படத்தில் இருந்தும் பேச விடப்படாதவர் யார்? ஒரு காட்சியை மீண்டும் பார்த்தபோது கருத்து மாறியதா?

‘மண்டேலா’ படத்தைப் பார்த்த மாணவர் ஒருவர் இவ்வினாக்களோடு அமர்கிறார் என்று கொள்ளலாம். ஊரார் இழிபெயரிட்டு அழைத்த முடிதிருத்துநர், வாக்காளர் அட்டைக்காகத் தமக்கென ஒரு பெயரைப் பெறுகிறார். அவரது ஒரு வாக்குக்காக, அவரை வாசற்படி ஏற்றாதவர்களே போட்டியிட்டு உபசரிக்கின்றனர். பெயரில்லாதவர்க்குப் பெயர் கிடைத்த காட்சியை மாணவர் நிறுத்தி, பின்னோக்கிச் செலுத்தி, மீண்டும் பார்க்கிறார். ‘பெயர் கிடைக்கும்வரை அவர் எவர் முன்னும் அமர்ந்து பேசவில்லையா?’ என்று தேடுகிறார். அத்தேடலே திறனாய்வு. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை; ஓர் எழுதுகோலும் அரை மணி நேரமும் போதும்.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஓர் உள்நாட்டுத் தமிழ்ப்படமும் பி. ரம்லியின் ஒரு படமும் பேசப்பட்டாலே போதும். தாத்தாவும் பேரனும் கூடத்தில் ஒன்றாய் அமர்வதற்கு ஒரு காரணம் கிடைக்கும். ஓடியன் காலத்து வழக்கைத் தாத்தா சொல்வார். காட்சியை நிறுத்திப் பேரன் வினவுவான். கலைந்துபோன அம்மன்றம் ஒவ்வொரு வீட்டிலும் மீண்டும் கூடும்.

திரையை அணைத்துவிடு என்று சொல்லும் ஆசிரியரின் குரல் வகுப்பறைக்கு வெளியே கேட்பதில்லை. பார்த்ததைச் சொல் என்று கேட்கும் ஆசிரியரின் குரலோ மாணவருடன் வீடுவரை செல்லும். படம் ஓடும்போதும் அவர் செவியில் ஒலிக்கும். எந்தக் குரலை எழுப்புவது என்பதைத் தமிழாசிரியரே முடிவு செய்தல் வேண்டும். மாணவரைத் திரையிடம் இழந்துவிட்டோம் என்று இனியும் வருந்திக்கொண்டிருப்போர், அவரிடம் இதுவரை ஒரு கேள்வியும் கேளாதவரே ஆவர்.